ஓய்வுக்குப் பின் எந்த ஊர்? பத்தாம் வகுப்பில் போட்ட ஒரு கணக்கு

கடந்த ஜூலை மாதம் பத்தாம் வகுப்பில் காலநிலையைப் பாதிக்கும் காரணிகளை நடத்திக்கொண்டிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கரும்பலகையில் எழுதித் திரும்பினேன். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், நீங்க ரிட்டயர் ஆனதும் கொடைக்கானல் போயிடுவீங்களாமே?"

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஓய்வறையில் பேசுவது எப்படியோ வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "போறதா இருந்தேன். இப்ப இல்லை" என்றேன். "ஏன் சார்?" என்றாள். அந்த 'ஏன்'தான் அடுத்த மூன்று பாடவேளைகளை எடுத்துக்கொண்டது. பாடத்திட்டத்தில் பின்தங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முப்பது ஆண்டுகளாக நடத்திய ஒரு பாடத்தை நானே சரியாகப் படித்தது அந்த வாரத்தில்தான்.

திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் நான். சென்ற நவம்பரில் 60 வயது முடிந்தது. கல்வியாண்டின் இடையில் ஓய்வு பெறுவதால் மறுநியமனத்தில் மே 31 வரை வகுப்பு உண்டு. மகன் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிறான். என் மனைவிக்கு இருபது ஆண்டுகளாக இளைப்பு நோய் உண்டு. திருச்சியின் வெயிலும் புழுதியும் அவருக்கு ஆகவில்லை என்பது எங்கள் வீட்டில் பழைய பேச்சு.

2024 மே மாதம் கொடைக்கானல் போனோம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்த மாதம் அது. கீழே அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. மேலே மாலை நான்கு மணிக்கே சால்வை தேவைப்பட்டது. மனைவி ஒரு வாரம் முழுக்க இன்ஹேலரைத் தொடவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஊரிலிருந்து தள்ளி ஒரு மலைக் கிராமத்தில் மனை காட்டினார்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்து இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அதே ஆண்டு அரையாண்டு விடுமுறையில், "வாங்கப் போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்து பார்ப்போம்" என்று மனைவிதான் சொன்னார். வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தங்கினோம். கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். சுவரில் ஈரம், போர்வையில் ஈரம், அலமாரிக்குள் பூஞ்சை வாசனை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வண்டி கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அரசு மருத்துவமனையில் நெபுலைசர் வைத்து நன்றாகவே பார்த்தார்கள். குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும், பூஞ்சை அதை இன்னும் கிளறிவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "இங்கே அடிக்கடி வர்றவங்களா?" என்று கேட்டார். "குடிவரப் போகிறோம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலையிறங்கி வத்தலக்குண்டு வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

மனையின் கதை தனி. மலைக் கிராமங்களில் வீடு கட்ட வேண்டுமானால் வழக்கமான மனைப்பிரிவு ஒப்புதலோடு மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான குழுமத்தின் அனுமதியும் தேவைப்படலாம். 'ஹாகா' என்று அலுவலகங்களில் சொல்கிறார்களே, அதுதான். அந்த மனைக்கு இரண்டுமே இல்லை. கொடுத்ததில் பாதிதான் திரும்பி வந்தது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்தேனே என்று இன்றும் புலம்புவேன். அந்த இரண்டும் நிலம் யாருடையது என்று சொல்லுமே தவிர, அதில் வீடு கட்டலாமா என்று சொல்லாது.

இந்தக் கதையை (நெபுலைசர் வரை மட்டும்) மாணவர்களிடம் சொன்னேன். பிறகு வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்தேன். கோயம்புத்தூர், ஏற்காடு, ஓசூர், தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் என்று குழுவுக்கு ஓர் ஊர். "எங்க ஊருக்கு வாங்க என்று எனக்கு வக்காலத்து வாங்குங்கள். ஆனால் உங்கள் ஊரின் மிக மோசமான மாதம் எது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்" என்பதுதான் விதி. வரைபடம், பாடநூல், வானிலைத் துறையின் மாதச் சராசரிகள் ஆகியவை கருவிகள்.

ஏற்காட்டுக் குழு 6.5 டிகிரிக் கணக்கை உடனே பிடித்துக்கொண்டது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். வித்தியாசம் 1220 மீட்டர். எனவே எட்டு டிகிரி குறைய வேண்டும். மே மாதம் சேலத்தில் பகல் 38 என்றால் ஏற்காட்டில் 30. உண்மையிலும் அந்த அளவில்தான் இருக்கிறது. ஓசூர்க் குழுவும் இதையே செய்தது: ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், திருச்சியை விட 800 மீட்டர் கூட, ஆகவே ஐந்து டிகிரி குறைவு. சுரமில்லை, கொண்டை ஊசி வளைவில்லை, பெங்களூரு பக்கத்தில். "மலையேறாமலே மலைக்காற்று சார்" என்றான் ஒருவன். நல்ல வாதம்தான். பெங்களூருவின் வாடகையும் அதே சாலையில் ஓசூருக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

உயரக் கணக்கு எல்லா இடத்திலும் கை கொடுக்காது என்பதைத் தென்காசிக் குழு கண்டுபிடித்தது. தென்காசியின் உயரம் சுமார் 150 மீட்டர்தான். திருச்சிக்கும் அதற்கும் இந்த வகையில் பெரிய வித்தியாசமில்லை. "அப்புறம் எப்படி சார் ஜூன் மாசம் சில்லுனு இருக்கு?" என்று அவர்களே கேட்டுவிட்டு, வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விரலால் தடவிப் பார்த்தார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலைச்சுவரில் ஓர் இடைவெளி இருப்பது தெரிந்தது.

இந்த இடத்தில் பாடநூலை மூடிவிட்டுக் கொஞ்சம் நின்றேன். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறி, குளிர்ந்து, மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், வறளும். மழை மறைவுப் பகுதி என்று நாம் நடத்துவது இதைத்தான். மலை உடைந்திருக்கும் இடத்திலோ காற்று ஏறி இறங்க வேண்டியதில்லை. ஈரத்தோடும் குளிர்ச்சியோடும் நேரே நுழைந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம் கொண்டது. கோயம்புத்தூரின் ஆனி ஆடி மாதங்கள் இதமாக இருப்பதற்கு அதுவே காரணம். அதே காற்று கிழக்கே ஓடி வந்து எங்கள் திருச்சியில் ஆடிக்காற்றாகப் புழுதி கிளப்புகிறது, வழியில் தன் குளிர்ச்சியை எல்லாம் தொலைத்துவிட்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில்தான் முப்பந்தலின் காற்றாலைகள் சுழல்கின்றன. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் வருவது செங்கோட்டை இடைவெளியால்.

அப்படியானால் காற்று தொடங்காத மாதங்களில்? குழு தானாகவே விடைக்கு வந்தது: பங்குனி, சித்திரையில் தென்காசிக்கு உயரமும் துணையில்லை, காற்றும் துணையில்லை. மோசமான மாதம் ஏப்ரல் என்று எழுதிக்கொண்டார்கள். விதியை மீறாத நேர்மையான வக்கீல்கள்.

தூத்துக்குடிக் குழுவின் வாதம் சராசரியை நம்பி நின்றது. மழை குறைவு, கடற்காற்று உண்டு, இளைப்புக்காரருக்கு ஈரத் தொல்லை இருக்காது என்றார்கள். அப்போது வேறு குழுவிலிருந்த ஒரு மாணவன், "எங்க மாமா வீட்ல 2023 டிசம்பர்ல மூணு நாள் மாடியிலேயே இருந்தாங்க சார்" என்றான். அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதை விட இது அதிகம். வடகிழக்குப் பருவமழை அப்படிப்பட்டது. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் வருகிறது. அதிலும் பெரும்பகுதி சில புயல் நாட்களில். ஊரின் ஆண்டு மழை எவ்வளவு என்பதோடு வீடு இருக்கும் தெரு குளத்துக்குக் கீழா மேலா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2015இல் சென்னையில் இதைக் கற்றோம், மறந்தும் போனோம்.

வெப்பநிலை விஷயத்தில் மாணவர்கள் எல்லோரும் பகல் அளவையே எழுதி வந்திருந்தார்கள். நாமும் அப்படித்தான். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது நமக்கு நினைவிருக்கும். அன்று இரவு எவ்வளவு என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் வயதானவர்களைப் படுத்துவது இரவுதான். பகல் வெப்பத்தில் களைத்த உடல் இரவில் குளிர்ந்து மீள வேண்டும். மே மாதம் சென்னையில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே ஏறத்தாழ 28 டிகிரியில் நின்றுவிடுகிறது; கோயம்புத்தூரில் 24 வரை இறங்குகிறது. இதோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. வேலூரின் 39ஐத் தாங்கும் ஒருவர் கடலோரத்தின் 35இல் தவிப்பது இதனால்தான். நாகர்கோவில் குழுவுக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் சறுக்கல். கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு பருவமழையும் பெறுகிறது, கோடையிலும் வெப்பம் மிதம்தான். ஆனால் புழுக்கம் ஆண்டு முழுக்கக் கூடவே வரும்.

இதுவரை காலநிலை. செலவுக் கணக்கை நான்தான் கரும்பலகையில் போட்டேன். அதில் மாணவர்களை விட எனக்கே அதிக அதிர்ச்சி.

ஓய்வூதியம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தொகைதான். பணிக்காலத்தில் ஊருக்கு ஏற்பக் கிடைத்த வீட்டு வாடகைப்படி ஓய்வோடு நின்றுவிடும். (2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த என் போன்றோரின் கணக்கு இது. பின்னால் வந்தவர்களுக்குக் கணக்கே வேறு.) ஆகவே வாழும் ஊரின் விலைவாசி நேராக நம் சட்டைப்பையில்தான் விழுகிறது.

எல்லோரும் முதலில் பார்ப்பது மனை விலை. 20 லட்சம் ரூபாய்க்கு இடம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 1,80,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை உண்டு. நம் எடுத்துக்காட்டுக்கு அது பொருந்தாது. ஊர் பிடிக்காமல் விற்றுவிட்டு வந்தால் இந்த 1,80,000 திரும்பி வராது. மாதம் 8,000 ரூபாய் வாடகை என்றால் அதே பணத்தில் 22 மாதம் அந்த ஊரில் குடியிருந்து பார்க்கலாம். இரண்டு கோடை, இரண்டு மழைக்காலம் பார்த்துவிடலாம் கிட்டத்தட்ட.

மின் கட்டணத்தில் காலநிலையும் செலவும் ஒன்றாகக் கலக்கின்றன. சமவெளியில் ஓர் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்தால், இரவு எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 480 யூனிட். மலையில் 2000 வாட் அறைச் சூடேற்றியை மாலையும் இரவுமாக நான்கு மணி நேரம் போட்டால் அதுவும் எட்டு யூனிட், அதே 480! குளிர்பதனம் வேண்டாம் என்று மலைக்குப் போனவர் சூடேற்றிக்குக் கட்டுகிறார். இதோடு விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி, வெந்நீர் எல்லாம் சேர்ந்தால் 500 யூனிட் எளிதில் தாண்டும். இப்போதுள்ள முறையில் 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த விலையும் பறிபோகிறது. இரவில் ஏ.சி.யும் வேண்டாம், சூடேற்றியும் வேண்டாம் என்ற ஊர்தான் ஓய்வூதியருக்கு மலிவான ஊர். அப்படிப்பட்ட உயரம் நம் மாநிலத்தில் ஏறத்தாழ 400 முதல் 1000 மீட்டர் வரை என்று என் மாணவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கோயம்புத்தூரும் ஓசூரும் அந்த வரம்புக்குள் வருகின்றன. கோயம்புத்தூரில் நான் விசாரித்த புறநகரில் என் பணிக்கொடை மூன்று சென்ட் இடத்தோடு முடிந்துவிடும். ஆசை இருந்தது, என்ன செய்ய.

அட்டவணை ஏறத்தாழ முடிந்த நிலையில், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி மறுபடி எழுந்தாள். "சார், ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி கிடைக்குமாங்கிறதுக்குக் கட்டமே இல்லையே?"

உண்மைதான். ஐந்து நெடுவரிசை போட்டிருந்தோம். எங்களைக் கொடைக்கானலில் படுத்தியது எதுவோ அதற்கு இடமில்லை. ஆறாவது வரிசை சேர்த்தோம். நோய்க்கு ஏற்ற மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் அங்கே போக என்ன வழி, கூப்பிட்டால் வரக்கூடியவர் யார். ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் அந்த மாவட்டத்தின் எந்த மருத்துவமனைகள் பட்டியலில் இருக்கின்றன, நம் நோய்க்கான சிகிச்சை அங்கே உண்டா என்பதையும் அதில் எழுதச் சொன்னேன். இந்த வரிசையில் ஏற்காடு பின்னுக்குப் போனது. நல்ல வீடும் நல்ல காற்றும் இருந்தும், அவசரத்துக்குச் சேலம் இறங்க வேண்டும் என்று அந்தக் குழுவே எழுதிக் கொடுத்தது.

தென்காசிக்கு அந்த வரிசையில் எங்கள் வீட்டளவில் ஒரு கூடுதல் மதிப்பெண். மனைவியின் தங்கை அங்கே இருக்கிறாள். 2019இல் தனி மாவட்டமான பிறகு ஊர் வளர்ந்திருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி. செங்கோட்டையிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் உண்டு. மகன் வந்துபோகவும் வசதி.

அக்டோபரில் காலாண்டு விடுமுறையில் போய் ஐந்து நாள் தங்கினோம். மனைவிக்கு மூச்சு சீராக இருந்தது. வாடகை வீடுகள் மூன்று பார்த்தோம். ஒன்று வயலை ஒட்டி, மேற்கே மலை தெரியும்படி. எனக்குக் கை பரபரத்தது. முன்பணம் கொடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மைத்துனி சிரித்தாள்.

"அத்தான், பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு எல்லா வீடும் மெழுகித்தான் இருக்கும். சாரலையும் ஐப்பசியையும் பாத்து முடிவு பண்ணாதீங்க. சித்திரையில ரெண்டு வாரம் எங்க வீட்டுல இருந்து பாருங்க. அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடுங்க."

மனைவி அவளைப் பார்த்த பார்வையில், இருவரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டது தெரிந்தது. நான் மறுக்கவில்லை. மே 2024இல் நான் செய்த தவற்றை அக்டோபரில் திரும்பச் செய்ய இருந்தேன், ஊர் மட்டும் வேறு.

திருச்சி வீட்டை விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தென்காசி ஒத்துவந்தால் இதை வாடகைக்கு விட்டு அங்கே ஓராண்டு வாடகைக்கு இருப்பது, வராவிட்டால் இங்கேயே மாடிக்கு வெள்ளையடித்து, படுக்கையறைக்குக் குறுக்குக் காற்று வரும்படி ஒரு சன்னல் திறப்பது. சன்னலுக்குக் கொத்தனாரிடம் விலையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

மாணவர்கள் வரைந்த அட்டவணை இப்போதும் சமூக அறிவியல் ஆய்வகச் சுவரில் இருக்கிறது. தென்காசி வரிசையில் 'ஏப்ரல் இரவு' என்ற கட்டத்தில் வானிலைத் துறையின் சராசரியைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். பொதுத்தேர்வு முடிந்ததும், ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு வெப்பமானியையும் மனைவியின் இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு ரயிலேறுகிறோம். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் அளவெடுத்து அனுப்ப வேண்டும் என்பது பத்தாம் வகுப்பின் உத்தரவு.